வெளிநாட்டில் வீடு: ஐந்து வழிகளும் ஒரே கேள்வியும்

வெளிநாட்டில் வீடு வாங்குவது பற்றி ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வருகிறார்கள். படங்கள் கைப்பேசியில் இருக்கும். விலை பேசி முடிந்திருக்கும். முன்பணம் கட்டும் நாள்கூடக் குறித்தாகியிருக்கும். அதன் பிறகுதான் கேட்பார்கள்: "நிலத்தோடு சொந்தமாக வாங்கலாம் என்கிறார் ஒருவர். குத்தகை போதும் என்கிறார் இன்னொருவர். ஒரு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்குங்கள் என்கிறார் தரகர். எதைச் செய்வது?"

பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். இந்த வீட்டை எப்படி விற்பீர்கள்? யார் வாங்குவார், அன்று எவ்வளவு வரி பிடிப்பார்கள், மீதிப் பணம் எந்த வழியாக உங்கள் கைக்கு வரும், விற்பதற்குள் நீங்கள் இறந்துவிட்டால் சாவி யாரிடம் போகும்? வாங்குகிறவரிடம் எல்லா நாடுகளும் முகம் மலர்ந்து பேசும். அயல்நாட்டவரை ஒரு நாடு உண்மையில் எப்படி நடத்துகிறது என்பது அவர் விற்றுவிட்டு வெளியேறும் நாளில்தான் தெரியும். அதனால் இந்த ஒப்பீட்டை அந்த நாளிலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பதிவேட்டில் யார் பெயர், என்ன உரிமை. "உங்களுக்கே சொந்தம்" என்று தரகர் சொல்வதும் அரசுப் பதிவேடு சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டாரன்ஸ் முறையில் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமை; அதற்கு அரசே உத்தரவாதம். வேறு பல இடங்களில், ஒரு பத்திரம் பதியப்பட்டது என்பதற்கு மட்டுமே பதிவு சான்று. எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்று வில்லங்கம் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு. அமெரிக்காவில் உரிமைக் காப்பீடு, அதாவது வாங்கிய பிறகு உரிமையில் குறை தெரிந்தால் இழப்பீடு தரும் காப்பீடு, என்ற தொழிலே இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான். பதிவேட்டில் பெயர் ஏறினாலும் அந்தப் பதிவேட்டை உலகம் ஏற்காத நிலையும் உண்டு. 1974-இல் துருக்கிப் படை சைப்ரஸின் வடக்கைப் பிடித்தபோது இடம்பெயர்ந்த கிரேக்க சைப்ரஸ்காரர் ஒருவரின் நிலத்தில், வடக்கு சைப்ரஸில் வீடு கட்டிய பிரிட்டன் தம்பதிமீது வழக்கு வந்தது. சைப்ரஸ் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராக அளித்த தீர்ப்பைப் பிரிட்டனும் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று 2009 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. அந்நிய மண்ணில் வாங்கிய வீட்டின் வழக்கு, அவர்கள் சொந்த நாட்டில் வைத்திருந்த சொத்தின் வாசலுக்கே வந்து நின்றது.

நுழைவுச் செலவு. பிரான்சில் பழைய வீட்டுக்கு விலைக்கு மேல் சுமார் 7 முதல் 8 விழுக்காடு. ஜெர்மனியில் கைமாற்று வரி மட்டும் மாநிலத்தைப் பொறுத்து 3.5 முதல் 6.5 விழுக்காடு, நோட்டரியும் தரகரும் தனி. துபாயில் பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. சிங்கப்பூரில் அயல்நாட்டவருக்கான கூடுதல் முத்திரைத்தீர்வை 2023 ஏப்ரல் 27 முதல் 60 விழுக்காடு. அச்சுப்பிழை இல்லை, அறுபதுதான்.

ஆளில்லாத வீட்டின் ஆண்டுச் செலவு. பூட்டிக் கிடக்கும் வீடு செலவே வைக்காது என்று நம்புகிறவர்கள் அதிகம். ஸ்பெயினில் வீட்டை வாடகைக்கு விடாவிட்டாலும், அதிலிருந்து வருமானம் வந்ததாகக் கற்பித்துக்கொண்டு, அங்கே வசிக்காத உரிமையாளரிடம் ஆண்டுதோறும் வருமான வரி வசூலிக்கிறார்கள். பல காப்பீட்டு நிறுவனங்கள், வீடு ஒரு குறிப்பிட்ட நாள் எண்ணிக்கைக்கு மேல் காலியாக இருந்தால் நீர்க்கசிவு, திருட்டு போன்றவற்றுக்கு இழப்பீடு தருவதில்லை.

வெளியேறும் செலவு. அமெரிக்காவில் அயல்நாட்டவர் வீடு விற்கும்போது, பொதுவாக விற்பனைத் தொகையில் 15 விழுக்காட்டை வாங்குபவரே பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். ஜப்பானில் 10.21 விழுக்காடு, ஸ்பெயினில் 3 விழுக்காடு. விதிவிலக்குகள் உண்டு, கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறவும் முடியும். ஆனால் பிடிப்பது லாபத்தில் அல்ல, மொத்த விலையில். நட்டத்தில் விற்றவரும் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகுதான் கேட்டுப் பெற வேண்டும். அந்தப் பணத்தை நம்பி வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இறந்தால். இதை யாரும் கேட்பதில்லை, நான் விடுவதில்லை. அமெரிக்காவில் வசிக்காத, அந்நாட்டுக் குடிமகனல்லாத ஒருவர் அங்கே சொத்து விட்டு இறந்தால், மரணச் சொத்து வரியில் முதல் 60,000 டாலருக்கு மட்டுமே விலக்கு. அதற்கு மேல் 40 விழுக்காடு வரை போகலாம். அந்நாட்டுக் குடிமக்களுக்கான விலக்கு பல மில்லியன் டாலர். பிரான்சில் பிள்ளைகளுக்கென்று சட்டம் ஒதுக்கிய பங்கை உயில் எழுதி மாற்ற முடியாது. 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதி, தன் குடியுரிமை நாட்டின் வாரிசுச் சட்டமே தனக்குப் பொருந்தும் என்று உயிலில் எழுதிக்கொள்ள இடம் தருகிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. எழுதினால்தான் பயன், பெரும்பாலோர் எழுதுவதில்லை.

விசாவை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வீட்டுப் பத்திரம் வசிப்புரிமை ஆகாது. அப்படி ஆக்கித் தந்த திட்டங்களும் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீடு வாங்கி விசா பெறும் வழியை அடைத்தது. ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி அந்தத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. விசாவுக்காக வீடு வாங்குபவர், நாளை மாறக்கூடிய ஒரு கொள்கைக்கு வீட்டின் விலையைக் கொடுக்கிறார்.

## முதலில் கதவு திறந்திருக்கிறதா

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். கனடா 2023 ஜனவரி 1 முதல் அயல்நாட்டவர் வீடு வாங்குவதைத் தடுத்து, அந்தத் தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஏற்கெனவே கட்டிய வீடுகளை அயல்நாட்டவருக்கு மூடியது. புதிய வீடுகளுக்கு அனுமதி பெற்று வாங்கலாம். நியூசிலாந்து 2018-இல் சட்டம் மாற்றியபோது ஆஸ்திரேலியர்களுக்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. டென்மார்க்கில் ஐந்தாண்டு வசித்திராதவர் பொதுவாக நீதித்துறை அமைச்சகத்தின் அனுமதி பெற வேண்டும். சுவிட்சர்லாந்தில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அயல்நாட்டவருக்கான விடுமுறை வீட்டு அனுமதிகள் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1,500 மட்டுமே.

கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறப்பதும் இல்லை. சிங்கப்பூரின் 60 விழுக்காடு அமெரிக்கக் குடிமக்களுக்கு இல்லை. வர்த்தக ஒப்பந்தத்தால் அவர்கள் அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே நடத்தப்படுகிறார்கள். ஆகவே "என் நண்பர் வாங்கினார்" என்பது சான்றாகாது. அவர் கையில் எந்தக் கடவுச்சீட்டு இருந்தது என்று கேளுங்கள்.

## வழி ஒன்று: நிலத்தோடு முழு உரிமை

ஜப்பான், பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி போன்ற நாடுகளில் அயல்நாட்டவரும் நிலத்தையும் வீட்டையும் தன் பெயரிலேயே வாங்கலாம். அமெரிக்காவிலும் பொதுவாக அப்படித்தான். ஆனால் ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்கள் குறிப்பிட்ட சில நாட்டவருக்குத் தடை வைத்துள்ளன.

முதல் அளவுகோலில் இதை விஞ்ச வேறு வழியில்லை. காலவரம்பு கிடையாது, இடையில் யாரும் கிடையாது. விற்கும்போது உள்ளூர்க்காரரும் வாங்குவார், அயல்நாட்டவரும் வாங்குவார், சந்தை பெரியது.

மறைந்திருக்கும் செலவு நிலத்திலேயே இருக்கிறது. ஜப்பானை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருக்கின்றன. மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. கிராமப்புறத்தில் ஒரு காரின் விலைக்கு வீடு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடுகிறவர்களிடம் நான் சொல்வது: அந்த மனை எந்தச் சாலையைத் தொடுகிறது என்று முதலில் பாருங்கள். கட்டட விதிப்படி, பொதுவாக 4 மீட்டர் அகலமுள்ள சாலையை மனை குறைந்தது 2 மீட்டர் நீளத்துக்குத் தொட வேண்டும். தொடாவிட்டால் இருக்கும் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட முடியாது. வங்கிக் கடன் கிடைப்பது கடினம். அடுத்து வாங்க வருபவருக்கும் இதே சிக்கல். விலை குறைவாக இருந்த காரணம் விற்கும் நாளில் புரியும். ஸ்பெயினின் அண்டலூசியாவில் வேளாண் நிலத்தில் அனுமதியின்றிக் கட்டிய வீடுகளை வாங்கிய வெளிநாட்டவர் பலர், பத்திரம் கையில் இருந்தும் இடிப்பு ஆணையை எதிர்கொண்டார்கள். நில உரிமை வேறு, கட்டட அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

கூரை, வேலி, தோட்டம், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் உங்கள் பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம். ஆண்டில் பத்து மாதம் வேறு நாட்டில் இருப்பவருக்குத் தனிவீடு பெரும்பாலும் பாரமாகிறது.

ஆண்டில் பாதிக்கு மேல் அங்கே வாழப்போகிறவர், பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கப் போகிறவர், உள்ளூர் மொழி ஓரளவு அறிந்தவர் ஆகியோருக்கு இதுவே சிறந்த வழி.

## வழி இரண்டு: அடுக்குமாடியில் ஒரு வீடு

நிலத்தை அயல்நாட்டவருக்குத் தராத நாடுகள் பலவும் அடுக்குமாடியில் இடம் தருகின்றன. தாய்லாந்தில் ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 விழுக்காடு வரை அயல்நாட்டவர் வைத்திருக்கலாம். பிலிப்பைன்ஸில் 40 விழுக்காடு; அங்கே நிலத்தை 1987 அரசியலமைப்பே அயல்நாட்டவருக்கு மறுக்கிறது. இலங்கையின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டவருக்கு நிலம் விற்பதைத் தடுத்தபோது, நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு விலக்கு வைத்தது.

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒதுக்கீட்டில் இடம் மீதி இருக்கிறதா என்பது. வாய்வழி பதில் போதாது. கட்டட நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் பெற வேண்டும். இரண்டாவது, பணம் வந்த வழி. தாய்லாந்தில் அயல்நாட்டவர் தன் பெயரில் பதிவதற்கு, பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்தது என்பதற்கான வங்கிச் சான்று வேண்டும். விற்ற பிறகு பணத்தை வெளியே அனுப்பவும் அதே தாள்தான் உதவும். அவசரத்தில் உள்ளூர் நண்பர் கணக்கு வழியாகப் பணம் கட்டியவர், அந்தத் தாள் இல்லாமல் நிற்பார். ஒரு தாள்தான், ஆனால் வீட்டின் முழு மதிப்பும் அதில் தொங்குகிறது.

மறைந்த செலவு, மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு நிற்பதில்லை. 2021 ஜூனில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைட் நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2022-இல் அம்மாநிலம் பழைய கட்டடங்களுக்குக் கட்டமைப்பு ஆய்வையும், பழுதுபார்ப்புக்கான சேமிப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. நியாயமான சட்டம். ஆனால் ஆண்டுக்கணக்காகச் சேமிப்பைத் தள்ளிப்போட்ட கட்டடங்களில் வீட்டுக்காரர்கள் தலையில் திடீரென்று பெருந்தொகை விழுந்தது. எந்த நாடானாலும் சங்கத்தின் கடந்த மூன்றாண்டுக் கூட்டக் குறிப்புகளையும், சேமிப்பு நிதியின் இருப்பையும் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் எத்தனை ஆண்டு பழையது என்ற கேள்வி, பால்கனியிலிருந்து கடல் தெரிகிறதா என்ற கேள்வியைவிடப் பயனுள்ளது.

இன்னொன்று வாடகைக் கணக்கு. "நீங்கள் இல்லாத மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் வீடே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்" என்பது விற்பனையில் அடிக்கடி வரும் பேச்சு. தாய்லாந்தில் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது ஹோட்டல் சட்டத்தின் கீழ் வரும். சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும் கட்டடத்தின் விதி தடுக்கலாம். இன்று தடுக்காதது நாளை ஒரு வாக்கெடுப்பில் தடுக்கலாம்.

அடிக்கடி பூட்டிவிட்டுப் போக வேண்டியவருக்கும், முதல் முறையாக வெளிநாட்டில் வாங்குபவருக்கும் நான் பரிந்துரைப்பது பெரும்பாலும் இந்த வழியைத்தான்.

## வழி மூன்று: நீண்டகாலக் குத்தகை

குத்தகை என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் குத்தகைதான். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள். சிங்கப்பூரில் 99 ஆண்டுக் குத்தகை சாதாரணம். சிக்கல் எத்தனை ஆண்டு மீதி என்பதிலும், புதுப்பிக்கும் உரிமை சட்டத்திலிருந்து வருகிறதா, வெறும் வாக்குறுதியிலிருந்து வருகிறதா என்பதிலும் இருக்கிறது.

தாய்லாந்தில் பதியக்கூடிய குத்தகையின் உச்சவரம்பு 30 ஆண்டு. விளம்பரத்தில் "30+30+30" என்று போடுவார்கள். பின்னால் வரும் இரண்டு முப்பதும் நில உரிமையாளர் தரும் வாக்குறுதி மட்டுமே. அவர் நிலத்தை விற்றுவிட்டால் புதிய உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். தொண்ணூறு ஆண்டுக்கான விலையைக் கொடுத்து முப்பது ஆண்டை வாங்குவது எனக்குச் சகிக்க முடியாத ஏமாற்றாகப் படுகிறது. இந்தோனேசியாவில் வசிப்பு அனுமதியுள்ள அயல்நாட்டவர் பெறக்கூடிய பயன்பாட்டு உரிமை 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30 என்று நீள்கிறது. அது அரசு விதியிலேயே எழுதப்பட்ட வரிசை. ஆனாலும் நீட்டிப்பும் புதுப்பிப்பும் விண்ணப்பித்துப் பெற வேண்டியவை.

குத்தகை தேயும் சொத்து. 30 ஆண்டில் 12 ஆண்டு வாழ்ந்துவிட்டு விற்கப் போனால், வாங்குபவருக்குக் கிடைப்பது 18 ஆண்டு. அதற்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. முழுப் பணத்தோடு வருபவரைத்தான் தேட வேண்டும். இங்கிலாந்தில்கூட 80 ஆண்டுக்குக் கீழ் இறங்கிய குத்தகையை நீட்டிக்கும் செலவு சட்டென்று உயரும் என்பது பழைய பாடம். அதை நீக்க 2024-இல் சட்டம் இயற்றினார்கள். ஆண்டு நிலவாடகையையும் பாருங்கள். 2022 ஜூன் 30 முதல் இங்கிலாந்தில் புதிய நீண்ட குத்தகைகளில் நிலவாடகை வசூலிக்கப் பொதுவாகத் தடை இருக்கிறது. அதற்கு முன் எழுதியவற்றில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் நிபந்தனை ஒளிந்திருக்கலாம்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. குத்தகை விலையை உறுதியாகக் கையில் உள்ள ஆண்டுகளால் வகுங்கள். அந்தப் பணம் வங்கியில் இருந்தால் கிடைத்திருக்கும் வட்டியைக் கூட்டுங்கள். வரும் தொகை, அதே வீட்டின் ஆண்டு வாடகையைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் குத்தகை நல்ல பேரம். இல்லையென்றால் வாடகையை முப்பது ஆண்டுக்கு முன்கூட்டியே கட்டுகிறீர்கள்.

பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் எண்ணமில்லாமல், தம் முதுமையை அங்கே கழிக்க விரும்புபவர்களுக்குக் குத்தகை பொருந்தும். முதலீடாக வாங்குபவர்களுக்குப் பொருந்தாது.

## வழி நான்கு: நிறுவனம், அறக்கட்டளை, பிறர் பெயர்

மூன்றையும் தரகர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்றும் ஒன்றல்ல.

மெக்சிகோவில் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர் வரை அயல்நாட்டவர் நேரடியாக நிலம் வைத்திருக்க 1917 அரசியலமைப்பு தடை செய்கிறது. அதற்கு மாற்றாகச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. வங்கி ஒன்று அறங்காவலராக உரிமையை வைத்திருக்கும். வாழவும் விற்கவும் வாடகைக்கு விடவும் உள்ள அதிகாரம் உங்களுடையது. காலம் 50 ஆண்டு, புதுப்பிக்கலாம். ஆண்டுதோறும் வங்கிக்குக் கட்டணம் உண்டு. அடுத்த பயனாளியை ஆவணத்திலேயே பெயர் குறிப்பிட்டு எழுதலாம் என்பதால், ஐந்தாவது அளவுகோலில் இது நேரடி உரிமையைவிடவும் எளிதாக இருக்கக்கூடும். இந்த அறக்கட்டளை ஏற்பாடு சட்டம் திறந்த வாசல்.

தாய்லாந்தில் நிலம் வாங்குவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, 51 விழுக்காடு பங்கை உள்ளூர்க்காரர்களின் பெயரில் ஒப்புக்கு எழுதிவைப்பது வேறு வகை. பெயருக்குப் பங்குதாரராக இருப்பதை அந்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. எத்தனை ஆண்டு யாரும் கேட்காமல் ஓடினாலும், கேட்கும் நாளில் உங்களிடம் பதில் இருக்காது. நிறுவனத்துக்கு ஆண்டுக் கணக்கு, தணிக்கை, தாக்கல் என்று செலவும் நிற்காது. சட்டபூர்வமான நிறுவனத்துக்கும் தனி வரி உண்டு. இங்கிலாந்தில் நிறுவனங்கள் வைத்திருக்கும் விலையுயர்ந்த வீடுகளுக்கு 2013 முதல் ஆண்டு வரி இருக்கிறது. 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீட்டை நிறுவனம் வாங்கினால் பல சூழல்களில் முத்திரைத்தீர்வை மொத்தமாக 17 விழுக்காடு.

மூன்றாவது பினாமி. உள்ளூர் நண்பர், துணைவரின் உறவினர், தரகரே ஏற்பாடு செய்த ஒருவர் பெயரில் வாங்கிவிட்டு, பின்னால் ஒரு தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டம் இதைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது: அயல்நாட்டவருக்கு நிலவுரிமையை நேராகவோ மறைமுகமாகவோ கைமாற்றும் செயல் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தால் அவருடைய வாரிசுகள், கடன்பட்டால் கடன்காரர்கள், மணமுறிவு வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நான் மற்றவற்றோடு எடைபோடுவதில்லை. செய்யாதீர்கள்.

## வழி ஐந்து: வாங்காமல் வாடகை

வாங்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் கணக்கு பேசட்டும். நுழைய 8 விழுக்காடு, விற்கத் தரகுக்கும் சட்டச் செலவுக்கும் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வீட்டு விலை சுமார் 14 விழுக்காடு ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். மூன்றாண்டு வேலைக்குப் போகிறவர் இந்தப் பந்தயத்தில் இறங்கக் காரணமே இல்லை.

நிரந்தரமாகக் குடியேற எண்ணுபவர்களும் குறைந்தது ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது; சுற்றுலாக் காலத்தில் அல்ல, கடைகள் மூடிக்கிடக்கும் பருவத்தில்.

## ஒரே பார்வையில்

| | பதிவேட்டில் பெயர் | நுழைவுச் செலவு | ஆண்டுச் சுமை | விற்பது | வாரிசு |
|---|---|---|---|---|---|
| நிலத்தோடு முழு உரிமை | உங்கள் பெயர், காலவரம்பில்லை | அதிகம் | அதிகம், எல்லாம் உங்கள் பொறுப்பு | எளிது. வரிப்பிடித்தம் உண்டு | உள்ளூர்ச் சட்டம் குறுக்கிடலாம் |
| அடுக்குமாடி | உங்கள் பெயர், ஒதுக்கீட்டுக்குள் | நடுத்தரம் | கட்டணம், திடீர்ப் பழுதுச் செலவு | பணம் வந்த சான்று அவசியம் | வாரிசுக்கும் ஒதுக்கீட்டு விதி பொருந்தும் |
| நீண்ட குத்தகை | குத்தகைதாரர் | குறைவு | நிலவாடகை இருக்கலாம் | ஆண்டு குறையக் குறையக் கடினம் | ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும் |
| சட்டபூர்வ அறக்கட்டளை | வங்கி. பயனாளி நீங்கள் | நடுத்தரம் முதல் அதிகம் | நிலையான ஆண்டுக் கட்டணம் | இயலும், தாள்வேலை கூடுதல் | முன்கூட்டியே பெயர் குறிக்கலாம் |
| வாடகை | இல்லை | மிகக் குறைவு | வாடகை மட்டும் | தேவையில்லை | தேவையில்லை |

## கட்டியதா, கட்டப்போவதா

எந்த வழியானாலும் இந்தக் கிளைக்கேள்வி வரும். கட்டப்போகும் வீடு விலை குறைவு, தவணை வசதி உண்டு. ஆஸ்திரேலியாவில் போல, சில இடங்களில் அயல்நாட்டவருக்குப் புதியதுதான் கிடைக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, கட்டுநரின் நாணயத்தை. சைப்ரஸில் ஆயிரக்கணக்கானோர் முழு விலையும் கட்டிக் குடியேறிய பிறகும் உரிமைப்பத்திரம் கிடைக்காமல் தவித்தார்கள். கட்டுநர்கள் நிலத்தை வங்கியில் அடகு வைத்திருந்ததே பெரும் காரணம். அப்படிச் சிக்கியவர்களுக்காக 2015-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். துபாயில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குபவர்களின் பணம் அந்தத் திட்டத்துக்கென்ற தனிக் கணக்கில்தான் போக வேண்டும். ஸ்பெயினில் முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதமோ காப்பீடோ கேட்கும் உரிமை 1968 முதல் இருக்கிறது. உரிமை இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் 2008 வீழ்ச்சிக்குப் பின் நீதிமன்றங்களில் நின்றார்கள். அப்படியொரு ஏற்பாடே இல்லாத நாட்டில் கட்டி முடித்த வீட்டை மட்டும் பாருங்கள்.

## கடன் எந்த நாணயத்தில்

வட்டி குறைவு என்பதற்காகச் சம்பாதிக்காத நாணயத்தில் கடன் வாங்காதீர்கள். போலந்தில் பல குடும்பங்கள் சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தன. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த வரம்பைக் கைவிட்டது. ஒரே நாளில் ஃபிராங்க் எகிறியது. அவர்கள் வீட்டில் ஒரு செங்கல்கூட அசையவில்லை, கடன் மட்டும் ஏறிவிட்டது. வேறு நாட்டில் சம்பாதித்து இன்னொரு நாட்டில் வீடு வாங்கும் யாருக்கும் இதே ஆபத்து உண்டு, கடன் வாங்காவிட்டாலும். விலை பேசிய நாளுக்கும் பணம் செலுத்தும் நாளுக்கும் இடையே உள்ள மாதங்களில் மாற்று விகிதம் நகரும். பின்னால் செலுத்தப்போகும் பணத்துக்கு இன்றே மாற்று விகிதத்தை உறுதிசெய்துகொள்ளும் வசதியைப் பற்றி விசாரியுங்கள்.

## எந்த வரிசையில் நகர்வது

முதலில் தகுதி, பிறகு வரி எண்ணும் வங்கிக் கணக்கும், பிறகு வழக்கறிஞர், அதன் பிறகுதான் வீடு. ஸ்பெயினில் அயல்நாட்டவர் அடையாள எண் இல்லாமல் வாங்க முடியாது. அதைப் பெறவே வாரக்கணக்கில் ஆகலாம்.

வழக்கறிஞர் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி, மெக்சிகோ போன்ற நாடுகளில் நோட்டரி முன்னிலையில்தான் பத்திரம் எழுதப்படும். அவர் சட்டம் படித்த, அரசு அதிகாரம் பெற்ற ஒருவர். அதனால் தனி வழக்கறிஞர் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். நோட்டரி இரு தரப்புக்கும் பொதுவானவர். பத்திரம் செல்லுபடியாகுமா என்று பார்ப்பார். பேரம் உங்களுக்கு நல்லதா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. தரகர் பரிந்துரைத்த வழக்கறிஞரையும் தவிருங்கள். விற்பனை நடந்தால்தான் தரகருக்குப் பணம். உங்கள் வழக்கறிஞரோ "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதவராக இருக்க வேண்டும்.

பிறகு முன் ஒப்பந்தம். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் முளைக்கின்றன, இறுதிப் பத்திரத்தில் அல்ல. பிரான்சில் முன் ஒப்பந்தம் கைக்கு வந்தபின் வீடு வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. காரணம் சொல்லாமல் விலகலாம், பணம் முழுதும் திரும்பும். இங்கிலாந்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தப் படிகளைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை இரு தரப்பும் விலகலாம். பரிமாறிக்கொண்டபின் வாங்குபவர் விலகினால் அவர் வழக்கமாகக் கட்டும் 10 விழுக்காடு டெபாசிட் போய்விடும். நீங்கள் வாங்கும் நாட்டில் எது நடைமுறை என்பதைக் கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளை எழுதச் சொல்லுங்கள்: கடன் கிடைக்காவிட்டால், அயல்நாட்டவருக்கான அனுமதி மறுக்கப்பட்டால், உரிமையிலோ கட்டட அனுமதியிலோ குறை தெரிந்தால், முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும். அனுமதி நிபந்தனையை எழுத விற்பவர் மறுத்தால், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அந்த வாரமே வேறு வீடு பார்க்கத் தொடங்குங்கள்.